அந்தப் புண்ணுக்கு என்ன அர்த்தம்?

கேள்வி: பழைய ஐரோப்பிய ஓவியங்கள்ல துக்கத்துக்கு என்னென்ன சிம்பல்னு ஒரு லிஸ்ட் போடுங்களேன். க்ருனவால்டோட சிலுவை ஓவியத்துல ஏசு உடம்பு பூரா ஏன் அவ்ளோ அசிங்கமா புண்ணு, அது பாவத்தோட அடையாளமா?

பதில்: கருப்புன்னா சாவு, வெள்ளைன்னா தூய்மைன்னு மனப்பாடம் பண்ணிட்டா அப்புறம் படத்தையே பாக்க வேண்டாமே! நீங்க சொல்ற படம் க்ருனவால்ட்ங்கற ஜெர்மன் ஓவியர் 1512-லேர்ந்து 1516-க்குள்ள வரைஞ்சது, இப்ப பிரான்ஸ்ல கோல்மார் மியூசியத்துல இருக்கு, ஆனா வரைஞ்சது பக்கத்துல இசன்ஹைம் அந்தோணியார் மடத்துக்கு. மடம்னா சும்மா ஜெப மடம் இல்ல, 'அந்தோணியார் நெருப்பு'ங்கற நோய் வந்தவங்களை வச்சு வைத்தியம் பாத்த இடம். ரை தானியத்துல பிடிக்கிற எர்காட் பூஞ்சை (நம்ம கம்புல வர்ற தேனொழுகல் நோய்க்கு பங்காளி) ரொட்டியோட வயித்துக்குள்ள போயி, உடம்பு எரிஞ்சு, கை கால் கருத்து அழுகி விழும், சிலருக்கு வெட்டியே எடுத்தாங்க.

இப்ப படத்தைப் பாருங்க. பச்சை பாரிச்ச தோலு, அதுல அங்கங்க முள்ளு குத்தினபடி அப்படியே நிக்குது, ஆணி அடிச்ச கையில விரல் அத்தனையும் விறைச்சு விரிஞ்சு கெடக்கு. அதை நிமிர்ந்து பாத்த நோயாளி தன் தோலைத்தானே அங்க பாத்திருப்பான்? அவன்கிட்ட போயி பாவம்னு சொல்லுவீங்களா?

சிம்பலே இல்லைன்னும் சொல்லல. வலது பக்கம் ஸ்நாபக யோவான் விரலை நீட்டிகிட்டு நிக்கறார், அவருக்கு தலை போனது சிலுவைக்கு முன்னாடியே, அதனால நிஜத்துல அங்க நின்னிருக்கவே முடியாது, காலடியில ஆட்டுக்குட்டி ரத்தம் கிண்ணத்துல வடியுது, அதெல்லாம் சிம்பல்தான். எனக்கு அதைவிட மகதலேனா மரியாளோட பின்னிப் பிசையற கை விரல்தான் கண்ணுலயே நிக்குது.

இன்னொண்ணு, இது கதவு மாதிரி திறக்கற படம். சிலுவை நட்டநடுவுல இல்ல, கொஞ்சம் தள்ளி இருக்கு, அதனால கதவைத் திறந்தா ஏசுவோட ஒரு கை உடம்பை விட்டுப் பிரிஞ்சு போகும். கீழ் பலகையில கிடத்தி வச்ச உடம்புல கால் தனியா பிரியும். கை கால் போனவங்க எதிர்ல இது நடக்குது, தற்செயல்னு என்னால நம்ப முடியல.

திறந்தா உள்ள உயிர்த்தெழுந்த ஏசு. ஆணித் தழும்பும் விலாக் காயமும் இருக்கு, தோல்ல புண்ணு ஒண்ணு கூட கிடையாது. மடத்துல இருந்தப்ப சாதாரண நாள்ல அந்தக் கதவு மூடியே இருந்துச்சு.