கோடையில் மடிக்கணினி சூடேறித் தானாக அணைவது ஏன்?
பாளையங்கோட்டையில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில், மதியத்துக்கு மேல் மடிக்கணினி மெதுவாகிப் பின் தானே அணைந்துவிடுவதாகக் கேட்டிருக்கிறீர்கள்.

அது தற்காப்புதான். கணினியின் மூளை எனப்படும் சில்லான பிராசஸர் பலவும் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதன் பிறகும் சூடு தணியாவிட்டால் கணினி அணைந்துவிடும். உள்ளிருக்கும் மின்விசிறி அறைக் காற்றைத்தான் இழுக்கிறது என்பதால், அக்னி நட்சத்திர நாட்களில் அதன் பணி கடினமாகிறது. ஆனாலும் வெயிலை விடத் தூசியையே நான் முதலில் சந்தேகிப்பேன். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் வரும் புழுதி, துணிப்பஞ்சோடு சேர்ந்து, மின்விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய தகடுகளுக்கும் இடையில் கம்பளிபோல் படிந்து, வெளியேறும் வழியையே அடைத்துவிடும். ஆகவே பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, திறந்து சுத்தம் செய்து, பிராசஸரின் சூட்டைக் கடத்த உதவும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் அதையும் மாற்றித் தரச் சொல்லுங்கள். நீங்களே காற்றடித்துச் சுத்தம் செய்வதானால், கணினியை அணைத்துவிட்டு, மின்விசிறி வேகமாகச் சுழன்றுவிடாதபடி தடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மெத்தையில் வைத்து இயக்காதீர்கள். அடிப்புறத் துளைகள் மூடிக்கொள்ளும். விண்டோஸின் மின் அமைப்பில் (Power Options) பிராசஸரின் உச்ச நிலையை (Maximum processor state) 99 சதவீதமாக்கினால், பெரும்பாலான கணினிகளில் கூடுதல் வேகம் நின்று சூடு கணிசமாகக் குறையும். அடிப்பாகம் உப்பியிருந்தால் மட்டும் இவை எதையும் முயலாமல், சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட்டு பேட்டரியை மாற்றுங்கள்.