முழங்கால் நோகும்போது நிறையை எப்படிக் குறைப்பது?

கேள்வி: எனக்கு வயது 53. உயரம் 152 சென்ரிமீற்றர், நிறை 84 கிலோ. பிரஷருக்கு லொசாட்டன் குளிசை எடுக்கிறேன். இரண்டு வருடமாக இரு முழங்காலும் நோகின்றன. எக்ஸ்ரே பார்த்துவிட்டுத் தேய்மானம், நிறையைக் குறையுங்கள் என்றார்கள். நடந்தால்தானே நிறை குறையும்? நடந்தால் நோகிறதே! நோ கூடினால் பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கிப் போடுவேன். கல்சியம் காணாது என்று வீட்டில் பால் குடிக்கச் சொல்கிறார்கள். கனடாவில் இருக்கும் மச்சாள் மூட்டுக்கு நல்லதென்று குளுக்கோசமைன் குளிசை அனுப்பியிருக்கிறா. இந்த வருடம் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் அடி அழிப்பதாக நேர்த்தியும் வைத்துவிட்டேன். என்ன செய்வது? — வாசகி, கோண்டாவில்

பதில்: முதலில் அந்த டைக்ளோபெனாக்கை நிறுத்துங்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது முழங்கால் அல்ல, அந்த ஒரு வரிதான். டைக்ளோபெனாக் பிரஷரை ஏற்றும், வயிற்றில் புண் உண்டாக்கும், இதயத்துக்கும் நல்லதல்ல. லொசாட்டனோடு சேரும்போது சிறுநீரகத்துக்கும் ஆபத்து. வெயிலில் வியர்த்து, தண்ணீரும் குறைவாகக் குடிக்கும் நாட்களில் அந்த ஆபத்து இன்னும் கூடும். அதே மருந்து பூசும் ஜெல்லாகவும் கிடைக்கிறது. முழங்கால் தோலுக்குக் கிட்ட இருக்கும் மூட்டு என்பதால் பூசினாலே வேலை செய்யும், இரத்தத்தில் சேருவதும் மிகக் குறைவு. பெயரில்லாத பொடியோ குளிசையோ யாராவது தந்து 'இரண்டு நாளில் நோ பறந்துவிடும்' என்றால் வாங்கவே வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீரொய்ட் கலந்திருப்பதுண்டு. அது நோவைக் குறைத்துக்கொண்டே நிறையையும் சீனியையும் ஏற்றி எலும்பையும் மெலிய வைக்கும்.

சரி, நிறைக்கு வருவோம். உயரத்துக்கு நிறை எவ்வளவு கூட என்று காட்டும் பி.எம்.ஐ. உங்களுக்கு 36. ஆசியர்களுக்கு 23-க்கு மேலேயே கவனம் வேண்டும், 27.5-க்கு மேல் ஆபத்து அதிகம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதைக் கேட்டதும் பலர் 30 கிலோ குறைக்க வேண்டுமாக்கும் என்று மலைத்து, ஒன்றும் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். முழங்காலுக்கு அவ்வளவு தேவையில்லை. உடல்நிறையில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். நீங்கள் 84-இலிருந்து 76-க்கு வந்தாலே அடிக்கு 32 கிலோ மிச்சம். பத்தில் ஒரு பங்கு நிறை குறைந்து, தொடைத் தசையும் பலப்பட்டால், பலருக்கு நோ தெளிவாகவே குறைகிறது. எனவே முதல் இலக்கு 8 கிலோ. ஆறு மாதம் எடுத்தாலும் பரவாயில்லை.

பாரம் மட்டும்தான் காரணம் என்றால் உடல் பருத்தவர்களுக்குக் கைவிரல் மூட்டுகள் ஏன் கூடுதலாகத் தேய வேண்டும்? விரலால் யாரும் நடப்பதில்லையே. கொழுப்புத் திசு சும்மா கிடப்பதில்லை, அழற்சியைத் தூண்டும் பொருட்களை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. மூட்டின் குருத்தெலும்பையும் அவை தாக்குகின்றன. நீரிழிவு, பிரஷர், யூரிக் அமிலம் கூடி வரும் கவுட் என்ற மூட்டு வருத்தம், நித்திரையில் மூச்சுத் தடைப்படுவது எல்லாம் பருமனோடு கூட வருபவைதான். நோவால் நடமாட்டம் குறைய நிறை ஏறும், நிறை ஏற நோ கூடும். இதில் எது முதலில் வந்தது என்று ஆராய்வதில் பயனில்லை. தொடங்க வேண்டிய இடங்கள் இரண்டுதான்: சாப்பாட்டுக் கோப்பையும் தொடைத் தசையும்.

நடந்தால்தான் நிறை குறையும் என்பது பாதிதான் சரி. நிறையைக் குறைப்பதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கு. ஒரு நாளைக்கு ஐந்து பிளேன்டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் பத்துக் கரண்டி, அதாவது நாற்பது கிராமுக்கு மேல். முதலில் அதில் கைவையுங்கள். இரவில் புட்டோ இடியப்பமோ எதுவானாலும் இப்போது சாப்பிடும் அளவில் பாதி எடுங்கள். மீதி இடத்தை மீன், முட்டை, பருப்பு, கீரையால் நிரப்புங்கள். சொதியில் முதற்பாலைக் குறையுங்கள். பருத்தித்துறை வடையை எண்ணிச் சாப்பிட்டவரை நான் கண்டதில்லை, ஆகவே அது வீட்டுக்கு வராமல் இருப்பதே நல்லது. ஒருநேரச் சாப்பாட்டை அடியோடு விடுவது, பழச்சாற்றில் மட்டும் இருப்பது போன்ற அவசர வேலைகள் வேண்டாம். வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் எலும்பும் சேர்ந்து குறையும். திருவிழாக் காலத்தில் மச்சம் (மீன், இறைச்சி) விடுகிற நாட்களில் பயறு, கடலை, உழுந்து, தயிர் கட்டாயம் வேண்டும்.

தொடைத் தசைக்கு வருகிறேன். உயரமான கதிரையில் இருந்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தரம், காலையும் மாலையும். இது பழகியபின் கதிரையிலிருந்து கைபிடிக்காமல் எழும்பி இருந்து பழகுங்கள். செய்யும்போது இலேசாக நொந்தால் பயமில்லை. மறுநாளும் அந்த நோ இருந்தால் அளவைக் குறையுங்கள். யாழ்ப்பாணத்தில் உங்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. மேடே இல்லாத ஊர் இது. தொண்ணூறுகளில் பெற்றோல் தடையால் ஊரே சைக்கிளில் திரிந்தது. இப்போது பக்கத்துக் கடைக்கும் ஸ்கூட்டி! சைக்கிள் ஓட்டும்போது உடல்நிறையைச் சீற் தாங்குகிறது, தசை மட்டும் வேலை செய்கிறது. மிதி கீழே போகும்போது கால் ஏறக்குறைய நேராகும்படி சீற்றை உயர்த்துங்கள். தினமும் இருபது நிமிடம் போதும். நடப்பதையும் விடாதீர்கள், ஒரேயடியாக நடக்காமல் பத்து நிமிடம் பத்து நிமிடமாகப் பிரித்து நடக்கலாம்.

கெடுதல் நடையில் இல்லை, குந்துவதில்தான் இருக்கிறது. முழங்கால் முழுதாக மடங்கும்போதுதான் முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் மிகவும் கூடுகிறது. திருவலையில் குந்தித் தேங்காய் துருவுவதை வேறு யாரிடமாவது கொடுங்கள், கழிப்பறையில் கொமட் பூட்டுங்கள். நேர்த்தி பற்றிக் கேட்டீர்கள். அடி அழிக்கும்போது சில அடிக்கொரு தரம் மடங்கிக் குனிந்து, நிலத்தைத் தொட்டு எழும்ப வேண்டும். ஒரு வீதி சுற்றி முடிவதற்குள் முழங்கால் வீங்கிவிடும். இந்த வருடம் வீதியைச் சுற்றி நடந்து கும்பிடுங்கள். அடுத்த வருடம் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம்.

கல்சியம் எடுத்தாலும் தேய்ந்த குருத்தெலும்பு திரும்பி வளராது. என்றாலும் மாதவிடாய் நின்ற வயதில் எலும்புக்குக் கல்சியம் வேண்டும்தான். முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, கீரை, சீனி போடாத ஒரு கப் பால் நல்லவை. பருத்த உடம்பில் எலும்பு உறுதியாக இருக்கும் என்று நம்பியிருக்கவும் கூடாது. கணுக்கால் முறிவு பருத்த பெண்களில் கூடுதலாகவே காணப்படுகிறது. உடல் பருத்தவர்களின் இரத்தத்தில் விற்றமின் டி-யும் குறைவாக இருப்பது வழக்கம். குளுக்கோசமைனால் தெளிவான பயன் இருப்பதாக நல்ல ஆய்வுகள் காட்டவில்லை. மச்சாளுக்கு நன்றி சொல்லி, இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். அவ அடுத்து நிறை குறைக்கும் செமகுளுரைட் ஊசியைப் பற்றியும் சொல்லக்கூடும். முழங்கால் தேய்ந்த, பருத்த உடம்புக்காரரிடம் 68 வாரம் அதைப் போட்டுப் பார்த்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. சராசரியாகப் பதினான்கு வீத நிறை குறைந்தது, நோவும் குறைந்தது. ஆனால் விலை அதிகம், நிறுத்தினால் நிறை திரும்ப ஏறும். வைத்தியர் பார்த்துத்தான் போட வேண்டும், பார்சலில் வரவழைக்கிற மருந்தல்ல.

மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு இப்போது அவசரமில்லை. செயற்கை மூட்டு பெரும்பாலும் இருபது வருடத்துக்கு மேல் தாங்கும், ஆனால் 53 வயதில் வைத்தால் மறுபடியும் மாற்ற வேண்டி வரலாம்.

உங்கள் பகுதி அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போய் வெறுவயிற்றுச் சீனி, தைரொயிட், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் மூன்றையும் பார்த்து, பிரஷரையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டு வருடமாக டைக்ளோபெனாக் போட்டதைக் கட்டாயம் சொல்லுங்கள். இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) அனுப்பும்படியும் கேளுங்கள். ஒரு முழங்கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.