அந்த நாள்ல ஸ்லிம் டீ குடிக்கலாமுங்களா டாக்டரக்கா?

கேள்வி: வணக்கமுங்க டாக்டரக்கா. திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் வேலைக்கு போறேனுங்க, வயசு 24. ரத்தம் 9 தான் இருக்குன்னு ஆஸ்பத்திரில இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாங்க, அதுல இருந்து மூணு நாளைக்கு ஒருக்காதான் வெளிய போகுது, வயிறு கல்லாட்டம் இருக்குது. கூட வேலை செய்யற புள்ள ஆன்லைன்ல வாங்குன மூலிகை ஸ்லிம் டீ குடுத்தா, நைட்டு குடிச்சா காலைல சுத்தமா போயிருது, எடையும் கொறஞ்சமாரி இருக்குது. ஆனா போன மாசம் பீரியட்ஸ் வந்த அன்னிக்கி குடிச்சுட்டு அடுத்த நாள் வேலைக்கு போயி, வயித்துவலில டேபிள்கிட்ட நிக்கவே முடியல, பாத்ரூமுக்கும் டேபிளுக்குமா ஓடுனேன். ஒன்னுக்கு வேற செவப்பா போச்சு, பயந்துட்டேனுங்க. அந்த மூணு நாள் மட்டும் நிறுத்திட்டு மத்த நாள் குடிக்கலாமுங்களா?
– பேர் வேண்டாம், திருப்பூர்

பதில்: பயப்படாத அம்மிணி. மொதல்ல அந்த டப்பாவ திருப்பி பொடி எழுத்த படி, சென்னா, சோனாமுகி, நிலாவரை, நிலவாகைன்னு எந்த பேர்ல போட்டிருந்தாலும் எல்லாம் ஒரே எலைதான், நம்ம தூத்துக்குடி திருநெல்வேலி பக்கம் வெளைஞ்சு வெளிநாட்டுக்கெல்லாம் போறது. பேதி மருந்து அது, டீயின்னு பேர் வெச்சதால டீ ஆயிராது. அதுல இருக்கற சத்து செரிக்காம பெருங்குடல் வரைக்கும் போயி, அங்க இருக்கற பாக்டீரியா அத மாத்துனதுக்கு அப்பறம்தான் குடல புடிச்சு முறுக்கும், அதுக்கு 6 மணி நேரத்துல இருந்து 12 மணி நேரம் ஆகும், அதனாலதான் நைட்டு குடிச்சது உனக்கு வேலை நேரத்துல வந்து நின்னுது.

பீரியட்ஸ் ஆரம்பிக்கறப்ப கர்ப்பப்பையில புரோஸ்டாகிளாண்டின்னு ஒன்னு சுரக்கும், கர்ப்பப்பைய சுருங்க வெக்கறது அதுதான், பக்கத்துல இருக்கற குடலையும் அது சும்மா உடாது, நெறைய பேருக்கு மொத நாள் தானாவே ரெண்டு மூணு தடவ லூசா போறது இதனாலதான். மலச்சிக்கல் சில பேருக்கு அதுக்கு முந்துன வாரத்துல வர்றதுண்டு. ஆக, குடலே தானா ஓடற அன்னிக்கி நீ அதுக்கு மேல பேதி மருந்த ஊத்துனா வலி ஒட்டுக்கா சேந்துதான் வரும், தண்ணியும் உப்பும் வேற எறங்கிப்போயி தலை சுத்தும். பேதி மருந்து பீரியட்ஸ் ரத்தப்போக்க நிறுத்திரும், ரத்தம் உள்ளுக்கே கட்டிக்கும்னு சில பேர் சொல்றதெல்லாம் சும்மா. ஒன்னுக்கு செவந்தது அந்த எலையோட நெறமா இருக்கலாம், டீய நிறுத்தி ரெண்டு நாள் கழிச்சும் அப்படியே இருந்தா டெஸ்ட் பண்ணிரு.

மத்த நாள் குடிக்கலாமான்னா, தெனமும் வேண்டவே வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல டாக்டர கேக்காம குடிக்கற மருந்தில்ல அது, பொட்டாசியம் கொறஞ்சு கால் இழுக்கும், படபடன்னு வரும். எடை கொறஞ்சதுன்னியே, சோத்துல இருக்கற சத்தெல்லாம் சிறுகுடல்லயே உறிஞ்சு முடிஞ்சிரும், இந்த டீ வேலை செய்யறது அதுக்கும் கீழ, அப்பறம் கொழுப்பு எங்க கொறையும்? போனது தண்ணிதான், ரெண்டு சொம்பு குடிச்சா திரும்ப வந்துரும். இன்னொன்னு, இந்த ஸ்லிம் டீ பலதுலயும் கிரீன் டீ, கடுக்காய் எல்லாம் கலக்கறாங்க, அந்த துவர்ப்பு இரும்புச்சத்த உடம்புல சேர உடாது. ரத்தம் ஏறோணும்னு மாத்திரை தின்னுட்டு அது ஏறாம இருக்க டீ குடிச்சா என்னாகறது!

உனக்கு சிக்கல் ஆரம்பிச்சதே மாத்திரைல. குடுத்த டாக்டர்கிட்டயே போயி சொல்லு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொல்லுவாங்க, இல்ல வேற மாத்தி குடுப்பாங்க, நீயா நிறுத்தீறாத. இசப்கோல் ஒரு ஸ்பூன் முழு டம்ளர் தண்ணில கலக்கி குடி, மாத்திரை போடற நேரத்துல மட்டும் வேண்டாம். அப்பறம், நான் பாக்கற கம்பெனி புள்ளைக முக்காவாசி பேர் ஒன்றரை ஷிப்ட் முடியற வரைக்கும் பாத்ரூம் போகோணுமேன்னு தண்ணியே குடிக்கறதில்ல, எந்திரிச்சா சூப்பர்வைசர் மொறைக்கறாருன்னு. நீயும் அப்படித்தான்னா எந்த டீயும் உதவாது. தண்ணி பாட்டில மேசைலயே வெச்சுக்க, அரிசிம்பருப்பு சோத்தோட ஒரு கை கீரை, நைட்டு கொய்யா ஒன்னு.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு நனைஞ்சா, மயக்கம் வந்தா, மலத்துல ரத்தம் தெரிஞ்சா அன்னிக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி: நாள் தள்ளிப்போனா வெளக்கெண்ண குடிச்சா சூடு எறங்கி வந்துரும்னு எங்க அமுச்சி சொல்றாங்க. குடிக்கலாமுங்களா?
– ஒரு வாசகி, கோபி

பதில்: வேண்டாம் கண்ணு. கல்யாணமானவளா இருந்தா மொதல்ல மருந்துக்கடைல கிட் வாங்கி கர்ப்பமான்னு பாரு. வெளக்கெண்ண குடலோட கர்ப்பப்பைத் தசையையும் சுருங்க வெக்கும், அதனால கர்ப்பமா இருக்கறப்ப தொடவே கூடாது. கர்ப்பம் இல்லீன்னா தைராய்டு, பிசிஓடி பாக்கோணும், பேதிக்கு குடிச்சு அதெல்லாம் சரியாகாது. அமுச்சிகிட்ட நான் சொன்னேன்னே சொல்லு.