எக்பலெத் ஏரிக்குப் போகிறீர்களா?

(பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் இருக்கும் சாம்பெரி நகரத்தில் என் மகள் குடியிருக்கிறாள். நாலைந்து கோடைகளாக அங்கே போய் இரண்டு மாதம் தங்கிவிட்டு வருகிறேன். போன இதழில் அதைப் பற்றி ஒரு வரி எழுதியதுதான் தாமதம், பிள்ளைகளைப் பார்க்கப் பிரான்ஸ் புறப்படும் பெற்றோரிடமிருந்து கடிதங்கள் வந்துவிட்டன. ஏரிக் குளியலைச் சுற்றியிருந்த கேள்விகளை மட்டும் இந்த மாதம் எடுத்துக்கொண்டேன்.)

கேள்வி: மகன் லியோனில் வேலை பார்க்கிறான். ஜூலையில் நானும் கணவரும் போகிறோம். பேரன்களுக்கு 4 வயதும் 9 வயதும். நீஸ் கடற்கரைக்கு அழைத்துப்போவதாக மகன் சொல்கிறான். எனக்கு அலை என்றாலே பயம், கூட்டமும் ஒத்துக்கொள்ளாது. ஏரிக்கரையிலேயே குளிக்கிற இடங்கள் உண்டாமே? — வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு. நீஸுக்குப் போகிற நேரத்தில் கால்வாசிகூட ஆகாது. மகனிடம் 'எக்பலெத்' என்று சொல்லுங்கள். லியோனிலிருந்து சாம்பெரி போகும் ஏ43 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஏரியின் பெயரிலேயே சாலையை விட்டு இறங்கும் வழி இருக்கிறது. 'எக்' என்றால் அந்தப் பக்கத்துப் பழைய பேச்சில் தண்ணீர். 'சின்ன அழகுத் தண்ணீர்' என்று பெயருக்குப் பொருள் சொல்லலாம்.

அன்சி ஏரிக்குத்தான் எல்லோரும் போகச் சொல்வார்கள். அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் அங்கே போவது மகாமகத்துக்குப் போவது மாதிரி. கும்பகோணத்துக்காரருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். சாம்பெரிக்கு வடக்கே புர்ஷே ஏரி இருக்கிறது. 18 கி.மீ. நீளம். காற்று கிளம்பினால் கடல் மாதிரியே அடிக்கும்.

எக்பலெத் இரண்டையும்விடச் சின்னது, ஐந்தரை சதுர கி.மீ.தான். கிழக்கே எபீன் மலை சுவர் மாதிரி நிற்பதால் காற்று குறைவு, தண்ணீர் சீக்கிரம் சூடாகும். ஆல்ப்ஸ் பக்கத்து ஏரி என்றதும் ஐஸ் தண்ணீரை நினைத்துப் பயந்துகொண்டுதான் நானும் முதலில் காலை வைத்தேன். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை விட ஒரு பிடி குளிர்ச்சி, அவ்வளவுதான். நல்ல வெயில் காலத்தில் 25 டிகிரியைத் தாண்டிவிடுகிறது.

இன்னொன்று சொன்னால் உங்கள் பயம் போய்விடும். பெட்ரோல், டீசல் மோட்டார் வைத்த படகுகளை இந்த ஏரியில் விடுவதில்லை. மிதிபடகு, துடுப்புப் படகு, மின்சாரப் படகு மட்டும்தான். அதனால் இரைச்சல் இல்லை, படகு கிளப்பும் அலையும் இல்லை. தண்ணீர் இப்படி அசையாமல் கிடப்பதால்தான் உலகத் துடுப்புப் படகுப் போட்டியை 1997-லும் 2015-லும் இங்கே நடத்தினார்கள். பந்தயக்காரர்கள் தேடி வருகிற தண்ணீர் நாலு வயசுப் பையனுக்கும் நல்லதுதானே?

கிழக்குக் கரை மலையடிவாரம், சட்டென்று செங்குத்தாக இறங்கும். மேற்குப் பக்கத்தில் செந்தால்பான் என்ற ஊரை ஒட்டிய சூஜே மாதிரியான கரைகள்தான் குடும்பங்களுக்கு ஏற்றவை. பெரும்பாலானவற்றில் ஜூலை, ஆகஸ்டில் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். அந்தக் காசை வீண் என்று நினைக்காதீர்கள். காவலர், கழிப்பறை, திறந்தவெளி ஷவர் எல்லாம் அதற்குள்தான்.

காலை 10 மணிக்குள் போய்விடுங்கள். முதல் வருஷம் நாங்கள் சாம்பார், பொரியல் எல்லாம் வைத்து முடித்துவிட்டு 12 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கார் நிறுத்த இடமில்லை. ஏரியை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்கே திரும்பி வந்து சாப்பிட்டோம்.

மணல் பரந்த மெரினாவை எதிர்பார்க்காதீர்கள். 'பிளாஜ்' என்று அவர்கள் சொல்வது அங்கே பெரும்பாலும் புல்வெளி. மர நிழல், அதற்கு அப்பால் கொஞ்சம் மணலோ சரளையோ, அப்புறம் தண்ணீர். கூழாங்கல் குத்தும், ரப்பர் செருப்போடு இறக்கிவிடுங்கள்.

கேள்வி: ஏரி அமைதியாக இருக்கும் என்கிறீர்கள். அப்படியானால் குழந்தைகளை விட்டுவிட்டு நாம் நிழலில் உட்காரலாமா? எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது. — வாசகர், விருதுநகர்

பதில்: கூடாது. அமைதியான தண்ணீர் என்றதும் பெரியவர்களுக்கு ஒரு மெத்தனம் வந்துவிடுகிறது.

நான் தஞ்சாவூர்க்காரி, வடவாற்றில் நீந்தப் பழகியவள். ஆறு தன் பலத்தை மறைக்காது, இழுப்பது காலில் தெரியும். ஏரி அப்படியில்லை. முழங்கால் ஆழத்தில் பத்தடி நடப்பீர்கள், இடுப்பளவு வரும், அதற்கடுத்த எட்டில் தரை இருக்காது. எக்பலெத்தின் பெரிய ஆழம் 71 மீட்டர், தஞ்சைப் பெரிய கோயில் விமானமே மூழ்கிவிடும்! குளிக்கிற இடத்தில் அவ்வளவு ஆழமில்லைதான். ஆனாலும் மிதவை கட்டிய கயிற்றைத் தாண்டக் கூடாது என்பதை வீட்டிலேயே பிள்ளைகளிடம் சொல்லி அழைத்துப்போங்கள்.

ஏரித் தண்ணீரில் உப்பில்லை, அதனால் கடலில் மிதப்பது போல உடம்பு மிதக்காது. வெயில் மேல்தண்ணீரைத்தான் சுட வைக்கிறது, இரண்டு மூன்று ஆள் ஆழத்துக்குக் கீழே குளிர்ச்சி அப்படியே இருக்கும். வெயிலில் காய்ந்த உடம்போடு குதித்தால் மூச்சு அடைக்கும். 'இட்ரோகுசியோன்' என்று பிரெஞ்சுக்காரர்கள் இதற்குப் பயப்படுவார்கள். அங்கே பாட்டிமார் பிள்ளைகளின் பிடரியிலும் நெஞ்சிலும் தண்ணீரைத் தெளித்துவிட்டுத்தான் இறக்குவதைப் பார்க்கலாம். படித்துறையில் என் அம்மா முதல் கை தண்ணீரை என் தலையில் தெளித்தது நினைவுக்கு வந்தது. அவள் கங்கையை நினைத்துத் தெளித்தாள், இவர்கள் இதயத்தை நினைத்து.

முதலில் கொடியைப் பாருங்கள். பச்சை என்றால் காவலர் இருக்கிறார், குளிக்கலாம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. ஊதாக் கொடி தண்ணீர் மாசுக்கான எச்சரிக்கை. கொடியே ஏற்றவில்லை என்றால் காவல் இல்லை என்று பொருள், நீச்சல் தெரியாதவர்கள் அந்த நேரத்தில் கால் நனைத்ததோடு நிறுத்திக்கொள்ளலாம். காவல் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை வாசல் பலகையில் எழுதியிருப்பார்கள். ஜூன் மாதத்து வார நாட்களில் போனால் பல கரைகளில் காவலர் இருக்கமாட்டார்.

கையில் மாட்டும் காற்றடைத்த வளையங்களை அங்கே 'பிராசார்' என்பார்கள், எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கிப் போடுங்கள். போட்டுவிட்டோமே என்று போனை எடுத்துவிடாதீர்கள். மூழ்குகிற குழந்தை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. ஒரு பெரியவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நிழலும் கிடைக்கும். ஆபத்து என்றால் 112.

கேள்வி: தண்ணீர் சுத்தமா? சுற்றி இத்தனை ஊர்கள், ஓட்டல்கள். கழிவெல்லாம் எங்கே போகிறது? — ஓய்வுபெற்ற பொறியாளர், சேலம்

பதில்: பொறியாளர் கேட்க வேண்டிய கேள்விதான் இது. இதற்கு அன்சி ஏரியின் கதையைச் சொல்ல வேண்டும். 1940-களில் அந்த ஏரி கெட்டுக்கொண்டிருந்தது, ஊர்ச் சாக்கடையெல்லாம் அதற்குள்தான். போல்-லூயி செர்வெத்தா என்ற மருத்துவர் தண்ணீருக்குள் மூழ்கிப் பார்த்துவிட்டு வந்து, ஏரி செத்துக்கொண்டிருக்கிறது என்று ஊர் ஊராகச் சொன்னார். முதலில் யாரும் காது கொடுக்கவில்லை. 1957-ல் கரையோர ஊராட்சிகள் ஒன்றுகூடி ஒரு பொது அமைப்பை உண்டாக்கின. அப்புறம் ஏரியைச் சுற்றி வளையமாகக் குழாய் பதித்தார்கள். கழிவு ஏரியைத் தொடாமல் சுற்றிப்போய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. சுத்தம் செய்த தண்ணீரைக்கூட ஏரிக்குள் விடுவதில்லை, கீழே ஆற்றில் சேர்க்கிறார்கள். இன்று அன்சி நகரம் குடிக்கிற தண்ணீரே அந்த ஏரியிலிருந்துதான். எக்பலெத்திலும் இதே மாதிரி குழாய் வளையம் போட்டிருக்கிறார்கள்.

நம் ஊர் ஏரிகளை நினைத்து நான் பெருமூச்சு விட்டதை எழுதினால் பக்கம் போதாது. விடுங்கள்.

கேள்வி: ஏரியில் குளித்துவிட்டு வந்த என் தங்கை மகளுக்கு உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. தண்ணீர் கெட்டதா? — வாசகி, பாரிஸ்

பதில்: என் பேத்திக்கும் வேறோர் ஏரியில் வந்தது. ராத்திரி முழுக்கச் சொறிந்தாள். 'வாத்துத் தெள்ளுப்பூச்சி' என்பார்கள், உண்மையில் தெள்ளுப்பூச்சி இல்லை. வாத்தின் ரத்தக் குழாய்களில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் நத்தைக்குள் வளர்ந்து, வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில் நீந்தி வாத்தைத் தேடும். வாத்து என்று நினைத்து நம் தோலில் துளைத்துவிட்டுச் செத்துப்போகும். அரிப்பு சில நாளில் அடங்கும், பெரிய ஆபத்து இல்லை. சொறிந்து புண்ணாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதிகமானால் மருந்துக்கடையில் காட்டலாம். சுத்தமான ஏரியிலும் இது வரும்.

பாசி மண்டிய ஓரத்தில் பிள்ளைகளை நெடுநேரம் ஊற விடாதீர்கள். வெளியே வந்த உடனே ஷவர், உடனே துண்டால் அழுத்தித் துடைப்பு. ரொட்டியைப் பிய்த்து வாத்துக்குப் போடும் ஆசை நம்மவர்களுக்கு நிறைய, அதையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: புடவையோடு இறங்கலாமா? கணவருக்கு அந்த ஒட்டிய ஜட்டிதான் போட வேண்டுமாமே, கேட்டதிலிருந்து வர மறுக்கிறார். — வாசகி, காரைக்கால்

பதில்: அவரைத் தைரியமாகக் கிளப்புங்கள். ஒட்டிய ஜட்டி கட்டாயம் என்பது அங்கே நகராட்சி நீச்சல் குளங்களில். திறந்த ஏரியில் அரை டிராயரோடு இறங்குகிறவர்கள் ஏராளம். புடவை வேண்டாம். கூச்சத்துக்காகச் சொல்லவில்லை, நனைந்த பருத்தி காலைச் சுற்றிக்கொள்ளும், விழுந்தால் எழ முடியாது. முழுக்கை லைக்ரா சட்டையும் முழங்கால் வரை லெக்கிங்ஸும் எனக்குச் சௌகரியமாக இருந்தன. ஒவ்வொரு கரைக்கும் தனி விதி இருக்கலாம், வாசலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சில பெண்கள் மேலாடை இல்லாமல் வெயில் காய்வார்கள். நாம் பார்ப்பதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை, ஆனால் நாம் வெறித்துப் பார்ப்பதுதான் அங்கே அநாகரிகம்.

கேள்வி: சாப்பாடு கொண்டுபோகலாமா? — அதே வாசகி

பதில்: தாராளமாக. தயிர்சாதம், புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல். கண்ணாடி பாட்டிலும் அடுப்பும் பல இடங்களில் கூடாது. 2025 கோடையிலிருந்து குளிக்கும் கரைகளில் புகைபிடிக்கவும் தடை. மாமாவுக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: காலையிலிருந்து மாலை வரை ஏரிக்கரையில் என்னதான் செய்வது? — வாசகர், மதுரை

பதில்: ஒன்றும் செய்ய வேண்டாம். என் சம்பந்தி முதல் தடவை வந்தபோது பதினொன்றரை மணிக்கே "அடுத்து எங்கே?" என்று கேட்டார். இரண்டு மணிக்கு மரத்தடியில் படுத்தார். ஆறு மணிக்கு எழுப்பினால், "இன்னும் வெளிச்சம் இருக்கிறதே" என்று வர மறுத்துவிட்டார். ஜூலையில் ஒன்பது மணி தாண்டித்தான் பொழுது சாய்கிறது, அவரைக் குறை சொல்ல முடியாது.

அப்படியும் ஏதாவது பார்த்தே ஆக வேண்டுமென்றால், மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியாக இருபது இருபத்தைந்து நிமிடத்தில் சாம்பெரி வந்துவிடும். நகர நடுவில் யானை நீரூற்று என்று ஒன்று. அந்த ஊர்க்காரரான பெனுவா த புவாஞ் நம் சென்னைக்கு வந்து கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் சேர்ந்தவர். பிறகு குவாலியரின் மராட்டிய அரசர் சிந்தியாவிடம் படைத்தலைவராகிப் பெரும் பணத்தோடு ஊர் திரும்பி, அதில் நிறைய ஊருக்கே கொடுத்தார். அவர் நினைவாக 1838-ல் வைத்தது. நாலு யானைகள் நாலு பக்கமும் பார்த்து நிற்கும், ஒன்றுக்கும் பின்பக்கம் கிடையாது. ஊர்க்காரர்கள் அதைச் சொல்லியே கேலிப் பெயர் வைத்திருக்கிறார்கள். என் பேத்தி தூணை மூன்று முறை சுற்றி வந்து வால் எங்கே என்று கேட்டாள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.