சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலையில் நிறுத்தி வைக்க முடியுமா?

கேள்வி: நான் மதுரையைச் சேர்ந்தவள். பி.ஆர்க். முடித்து, எட்டுப் பேர் மட்டுமே பணிபுரியும் ஒரு சிறிய கட்டடக்கலை நிறுவனத்தில் வேலை கிடைத்து, சென்ற ஆண்டு பெங்களூருக்குக் குடிபெயர்ந்தேன். மாதச் சம்பளம் 32,000 ரூபாய். குடிபெயர்ப்புச் செலவுக்கு 30,000 ரூபாய் தருவதாக உரிமையாளர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார், இன்றுவரை தரவில்லை. சேர்ந்த அன்று இ-ஸ்டாம்ப் தாளில் இரண்டாண்டு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். இடையில் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். விலகிய பின் ஓராண்டுக்கு நகரில் வேறு எந்தக் கட்டடக்கலை நிறுவனத்திலும் சேரக் கூடாது. முன்னறிவிப்புக் காலம் 60 நாள். அசல் பட்டச் சான்றிதழையும், தொகை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலை ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். கடந்த மூன்று மாதங்களாகக் ‘கிளையன்ட் பணம் வரவில்லை’ என்று பாதிச் சம்பளம்தான் தருகிறார்கள். நான் விலக முடியுமா? வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ் என்ன ஆகும்?

பதில்: விலகலாம். ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக ஓர் அலுவலகத்தில் தொடர்ந்து வேலை செய்யுமாறு எந்த நீதிமன்றமும் ஆணையிடாது. தனிப்பட்ட சேவைக்கான ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்ற வைக்க முடியாது என்பதை 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு தெளிவாக்குகிறது. ஆகவே உங்கள் முன் உள்ள கேள்வி, விலகும்போது பணமாக ஏதாவது கொடுக்க வேண்டி வருமா என்பதும், உங்கள் ஆவணங்களை எப்படி மீட்பது என்பதும்தான்.

முதலில் அந்த 2 லட்சம். ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதப்பட்டிருப்பதாலேயே அது முழுவதும் கிடைத்துவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 74ஆம் பிரிவின்படி எழுதப்பட்ட தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே. அதற்கு உட்பட்டு எது நியாயமான இழப்பீடோ அதைத்தான் நீதிமன்றம் வழங்கும். ஒப்பந்தம் இ-ஸ்டாம்ப் தாளில் இருப்பது இந்த நிலையை மாற்றாது. விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதே 2 லட்ச ரூபாய் நிபந்தனையைச் செல்லும் என்று கூறியது உண்மை. அதன் பிறகு பல முதலாளிகள் அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பணியாளர்களை மிரட்டுகிறார்கள். ஆனால் அது ஒரு பொதுத்துறை வங்கி. நாடு தழுவிய திறந்த தேர்வு முறையில் ஆள் எடுக்கும் நிறுவனம், அதிகாரி இடையில் விலகினால் அந்தச் செலவு மிகுந்த நடைமுறையை மீண்டும் தொடங்க வேண்டும் என்பதையும், அந்த அதிகாரியின் பதவிக்கும் சம்பளத்துக்கும் அந்தத் தொகை மிகையானதன்று என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. எட்டுப் பேர் கொண்ட தனியார் அலுவலகம் உங்களைத் தேர்ந்தெடுக்க என்ன செலவு செய்தது, உங்களுக்கு என்ன பயிற்சி அளித்தது என்பதை அவர்கள்தான் காட்ட வேண்டும். அதற்கும் மேலாக, மூன்று மாதங்களாகப் பாதிச் சம்பளம் கொடுத்து, ஒப்பந்தத்தின் அடிப்படைக் கடமையை முதலில் மீறியவர்கள் அவர்களே என்பது உங்கள் கையில் உள்ள வலுவான எதிர்வாதம். ஆனாலும், நடந்துகொண்டிருக்கும் பணியைப் பாதியில் விட்டுவிட்டு நாளையே மதுரைக்கு ரயில் ஏறிவிடாதீர்கள். முன்னறிவிப்பில்லாமல் போனால், அதனால் ஏற்பட்ட நட்டம் என்று அவர்கள் எதையாவது நிரூபிக்க நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

ஓராண்டுத் தடையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வேலையை விட்ட பிறகு ஒருவர் தம் தொழிலைச் செய்யக் கூடாது என்னும் நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் கிளம்பும்போது ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லும் பழக்கம் இத்துறை இளைஞர்களிடம் உண்டு, அதைச் செய்யாதீர்கள். பணியின்போது வரைந்தவற்றின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாத வரை, நிறுவனத்துக்கே உரியது. எந்தத் திட்டத்தில் என்ன பங்காற்றினீர்கள் என்று உங்கள் தன்விவரக் குறிப்பில் உண்மையாக எழுதிக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது.

பட்டச் சான்றிதழைப் பிடித்து வைத்திருக்க அவர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. பாக்கிக்காகப் பிறர் பொருளை நிறுத்தி வைக்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 170, 171 ஆகிய பிரிவுகள் வரையறுக்கின்றன. ஒரு பொருளின் மீது உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர் தம் கூலிக்காக அதை வைத்திருக்கலாம். வங்கியர் போன்ற சில வகையினருக்குப் பொதுவான உரிமை உண்டு. வேலை கொடுத்தவர் இந்த இரண்டிலும் வரமாட்டார். முதலில், எந்தத் தேதியில் எந்தச் சான்றிதழைக் கொடுத்தீர்கள் என்று குறிப்பிட்டு, அதைத் திருப்பித் தருமாறு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘ஒப்பந்தக் காலம் முடிந்ததும் தருகிறேன்’ என்று அவர் பதில் எழுதினால்கூடப் போதும். சான்றிதழ் தம்மிடம் இருப்பதை அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்கிவிடலாம் என நண்பர்கள் யோசனை சொல்லக்கூடும். யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தே தொலைந்ததாகச் சொல்வது பொய்ப் புகார். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது குற்றத்தை நீங்கள் தேடிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அந்தக் காசோலைதான். கையெழுத்திட்டு வெறுமையாகக் கொடுத்த காசோலையை நிரப்பிக்கொள்ள, காசோலை போன்ற ஆவணங்களுக்கான செலாவணி முறிச் சட்டத்தின் 20ஆம் பிரிவு பெற்றவருக்கு அதிகாரம் தருகிறது. அது கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்று 139ஆம் பிரிவு அனுமானிக்கிறது. அதை மறுத்து நிறுவும் பொறுப்பு உங்களுடையது. வங்கியில் ‘ஸ்டாப் பேமெண்ட்’ கொடுத்தாலோ கணக்கையே மூடினாலோ, காசோலை பணமின்றித் திரும்புவதைக் குற்றமாக்கும் 138ஆம் பிரிவிலிருந்து தப்பிவிடலாம் என்று எண்ணாதீர்கள். உங்களைக் காப்பாற்றக்கூடியது, காசோலை வங்கிக்குப் போவதற்கு முன்பே நீங்கள் எழுதிவைக்கும் மறுப்புதான். காசோலையின் எண்ணைக் குறிப்பிட்டு, பணியில் சேர்ந்த அன்று பிணையாக மட்டுமே அது பெறப்பட்டது, உங்கள் தரப்பில் எந்தப் பாக்கியும் இல்லை, திருப்பித் தர வேண்டும் என்று வழக்கறிஞர் வாயிலாக அறிவிப்பு அனுப்புங்கள். காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். காசோலை திரும்பி, அவர்களிடமிருந்து உங்களுக்கு அறிவிப்பு வந்தால் உடனே பதில் கொடுத்தாக வேண்டும். அறிவிப்பு கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். அதற்குப் பிறகு அவர்கள் குற்றவியல் நீதிமன்றத்தை நாடலாம்.

சம்பளப் பாக்கிக்கு வருகிறேன். வைப்பு நிதிச் சட்டம் 20 பேர், பணிக்கொடை 10 பேர் என்று எண்ணிக்கை பார்ப்பதால், உங்கள் அலுவலகம் அவற்றின் வரம்புக்குள் வராமல் போகலாம். சம்பளத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, ஆள் எண்ணிக்கையோ சம்பள உச்சவரம்போ பாராமல், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது. பணியாளர் விலகினால் இரண்டு வேலை நாள்களுக்குள் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்கிறது. கிளையன்ட் பணம் தராதது முதலாளியின் தொழில் இடர்; அதை உங்கள் சம்பளத்தில் இறக்கி வைக்க அவருக்கு உரிமையில்லை. இதைக் கேட்டுப் பெற மூன்று ஆண்டு காலவரம்பு உண்டு. விசாரிக்கும் அதிகாரி, பாக்கியுடன் அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடும் வழங்க ஆணையிடலாம். வங்கிக் கணக்கு அறிக்கையில் பாதித் தொகை வரவான பக்கங்களை இப்போதே எடுத்து வையுங்கள்.

குடிபெயர்ப்புச் செலவு 30,000 வேறு வகை. அது ஊதியம் என்ற வரையறைக்குள் வருவது ஐயம். தனியே உரிமையியல் வழக்காகப் போட்டால் அலைச்சல் மிஞ்சும். அவர்கள் உங்கள் மீது வழக்குத் தொடர்ந்தால் எதிர்க்கோரிக்கையாக வைப்பதே சரி என்பது என் கருத்து. வாட்ஸ்அப் செய்தி ஏற்கத்தக்க சான்று. ஆனால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் ஒன்றை அதனுடன் இணைக்க வேண்டியிருக்கும் என்பதால், பழைய கைபேசியை விற்றுவிடாதீர்கள்.

நிறுவன உரிமையாளர் பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் என்றால், கட்டடக்கலைக் கவுன்சிலின் 1989ஆம் ஆண்டுத் தொழில்நடத்தை விதிமுறைகளும் அவரைக் கட்டுப்படுத்தும். பணியாளர்களுக்குத் தகுந்த பணிச்சூழலும் நியாயமான ஊதியமும் அளிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. உங்கள் அறிவிப்பில் இதை ஒரு வரியில் நினைவூட்டலாம். மிரட்டும் தொனி வேண்டாம்.

வீட்டு அட்வான்ஸ் உங்களுக்கும் வீட்டு உரிமையாளருக்கும் இடையிலானது. வேலையை விட்டதால் அது பறிபோகாது. 11 மாத ஒப்பந்தத்தில் காலி செய்ய எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், குறைந்தபட்சக் காலம் ஏதும் குறித்திருக்கிறதா, பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் பெங்களூர் வழக்கம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். காலி செய்யும் நாளில் சுவர், குழாய், மின்விசிறி எல்லாவற்றையும் காணொளியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: சான்றுகளைச் சேர்ப்பது, சான்றிதழ் கேட்டு மின்னஞ்சல், வழக்கறிஞர் அறிவிப்பு, அதன் பிறகு 60 நாள் முன்னறிவிப்புடன் பணிவிலகல் கடிதம். கடிதத்தை மின்னஞ்சலிலும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். வழக்கறிஞர் கட்டணம் சுமையாக இருந்தால், பெண் என்ற தகுதி ஒன்றே போதும். வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். நீங்கள் மதுரைக்குத் திரும்பிவிட்ட பிறகு பெங்களூர் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால், தொலைவைக் காரணம் காட்டிப் போகாமல் இருந்துவிடாதீர்கள்; 30 நாள்களுக்குள் எதிருரை (எழுத்துமூலமான பதில்) தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் உங்கள் தரப்பைக் கேட்காமலேயே அந்த 2 லட்சத்துக்கும் தீர்ப்பாகிவிடக்கூடும்.