கர்ப்ப காலத்தில் விழுதிச் சாறு குடிக்கலாமா?

கேள்வி: மாந்தையில் வசிக்கும் நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. சில கிழமைகளாகக் களைப்பும் வயிற்றுப் புரட்டலும் இருக்கின்றன. வயிற்றுப் பூச்சிதான் காரணம் என்று சொல்லும் மாமி, விழுதி இலைச் சாற்றில் ஆமணக்கெண்ணெய் கலந்து தரப்போவதாகக் கூறுகிறார். குடிக்கலாமா?

பதில்: இப்போது குடிக்க வேண்டாம், சகோதரி. உங்கள் மாமி சொல்வது ஆதாரமற்ற பேச்சன்று. பூச்சியை வெளியேற்றவும் பேதியாக்கவும் விழுதியைக் கொடுப்பது பழைய வழக்கம். ஆனால் தடைப்பட்ட மாதவிடாயை வரவழைக்கவும் அதே செடியைத்தான் நம் முன்னோர் பயன்படுத்தினர் என்பதால், கருவைச் சுமக்கும் வயிற்றுக்கு அது ஏற்றதன்று. ஆமணக்கெண்ணெயோ குடலைக் கலக்குவதோடு நில்லாமல் கருப்பையையும் சுருங்கத் தூண்டக்கூடியது.

ஆதண்டையின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் விழுதிக்கு அதைப்போல் கொக்கி முள் இல்லை. வெளிறிய பூவின் நடுவிலிருந்து ஒரு காம்பு நீண்டு, அதன் நுனியில் மகரந்தத் தாள்கள் விரிந்து நிற்கும். காய் வெடித்தால் உள்ளே செம்மஞ்சள் நிறம் தெரியும். இலையில் அல்கலோயிட்டுகள் எனப்படும், உடலில் மருந்துபோல் வேலை செய்யும் இரசாயனப் பொருட்கள் உள்ளன. வேலியில் பறித்து இடித்த ஒரு கைப்பிடி இலையிலிருந்து அவை எவ்வளவு இறங்கும் என்பதை எவராலும் அளந்து தர முடியாது.

உங்கள் களைப்பை நான் இலேசாக எடுக்கவில்லை. வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலுடன் நடப்பவர்களின் பாதத் தோல் வழியே கொக்கிப்புழு உட்புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும்; கர்ப்பிணிக்கு அது இரத்தச்சோகையைக் கூட்டும். ஆகவே அடுத்த கிளினிக்கில் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதங்கள் கழிந்துவிட்டதால், மெபன்டசோல் என்னும் பூச்சி மருந்து 500 மில்லிகிராம் ஒரே வேளையாக உங்களுக்குக் கொடுக்கப்படலாம்; ஏற்கெனவே தந்துவிட்டார்களா என்று கிளினிக் கொப்பியைப் பாருங்கள். கடையில் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்காதீர்கள். முருங்கையிலை வறையில் தேசிக்காய்ப் புளி விட்டு உண்ணுங்கள்.

ஒருவேளை சாற்றை ஏற்கெனவே குடித்திருந்து, வயிறு விட்டு விட்டு இறுகினாலோ, இரத்தமோ நீரோ கசிந்தாலோ, விடியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். என்ன குடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவமாது வீட்டுக்கு வரும் நாளில் மாமியையும் அருகில் இருத்திக்கொண்டால், இதை அவரிடம் எடுத்துச் சொல்லும் பாரம் உங்களுக்கு இராது.