5 எச்பி மோட்டாருக்கு எத்தனை ஆம்ப்ஸ் ஃபியூஸ் வாங்குவது?

கேள்வி: தோட்டத்துக் கிணற்றில் 5 எச்பி மூன்று பேஸ் மோட்டார், டிஓஎல் (லைன் வோல்டேஜை நேரடியாக மோட்டாருக்குக் கொடுக்கும்) ஸ்டார்ட்டர். நேம் பிளேட்டில் 7.5 ஆம்ப்ஸ் என்று இருக்கிறது. போன வருஷம் காயில் எரிந்து ரீவைண்டிங் செய்தோம். இனி ஓவர்லோடில் எரியக் கூடாது என்று 8 ஆம்ப்ஸ் ஃபியூஸ் கேட்டால் கடைக்காரர் 20 ஆம்ப்ஸ் எடுத்து வைக்கிறார். ஏமாற்றுகிறாரா?

பதில்: இல்லை, 20தான் சரி. சுவிட்சைப் போட்டதும் மோட்டார் வேகம் பிடிக்கும் வரை சில விநாடிகளுக்கு ஆறேழு மடங்கு கரண்ட் இழுக்கும், அதாவது உங்களுடையது 45, 50 ஆம்ப்ஸ் வரை போகும், அதை 8 ஆம்ப்ஸ் ஃபியூஸ் தாங்காது.

சரி, 20 போட்டால் ஓவர்லோடைப் பிடிக்குமா? பிடிக்காது. 20 ஆம்ப்ஸ் எச்ஆர்சி ஃபியூஸ் (பெரிய ஷார்ட் சர்க்யூட் கரண்டையும் பத்திரமாக அறுக்கும், மூடிய ஃபியூஸ்) 25 ஆம்ப்ஸை ஒரு மணி நேரம் போகாமல் தாங்கும்படிதான் செய்யப்படுகிறது. பேரிங் இறுகி மோட்டார் 12 ஆம்ப்ஸ் இழுத்தால் காயில் கருகும், ஃபியூஸ் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அது ஷார்ட் சர்க்யூட்டுக்குத்தான். ஓவர்லோடுக்கு ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ரிலேதான், கூடுதல் கரண்ட் தொடர்ந்து போனால் அது மோட்டாரை நிறுத்திவிடும்.

அதனால் காசைச் செலவழிக்கும் முன் ஸ்டார்ட்டரைத் திறக்கச் சொல்லுங்கள். ரிலேயில் சின்ன டயல் இருக்கும், முள் 7.5-ல் நிற்க வேண்டும். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று யாராவது அதைக் கடைசி வரை திருகி வைத்திருப்பார்கள், நம் ஊரில் இது சர்வசாதாரணம். ரிலேயின் ரேஞ்சுக்குள் 7.5 வராவிட்டால் ரிலேயை மாற்றுங்கள். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாரை முதலில் குறைந்த வோல்டேஜில் கிளப்பி, பிறகு முழுசுக்கு மாற்றுவது) என்றால் கணக்கே வேறு, ரிலே பெரும்பாலும் காயிலோடு சேர்ந்த பாதையில் இருக்கும், நேம் பிளேட் ஆம்ப்ஸை 0.58-ஆல் பெருக்கி வைக்க வேண்டும்.

அப்புறம், ரெண்டு பேஸ் மட்டும் வரும் நேரங்கள் இருக்கின்றனவே, பல காயில்கள் எரிவது அதில்தான். ஒரே ஒரு ஃபியூஸ் போனாலும் அதே கதை. ஒரு பேஸ் போனாலே மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் ஒன்று சேர்த்து வாங்குங்கள். ஃபியூஸ் ஒன்று போனால் மூன்றையும் மாற்றுங்கள், மற்ற இரண்டும் பாதி வெந்திருக்கலாம். எல்லாவற்றிலும் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, பில்லோடு வாங்குங்கள். கிட்காட்டில் (ஃபியூஸ் கம்பி கட்டும் பீங்கான் கட்டை) தடித்த செம்புக் கம்பி சுற்றித் தருகிறேன் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.